தெரியாது என்ற பதில்

மைக்கை எப்படிப் பிடிப்பது என்று மங்கைக்குத் தெரியவில்லை. கடையில் மோர்ச் சொம்பைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. பெண்கள் பக்கம் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

“சொல்லும்மா. கர்த்தர் உன் புருஷனுக்கு என்ன செஞ்சாருன்னு தைரியமா அறிக்கை பண்ணு” என்றார் மேடையில் நின்ற வெளியூர் ஊழியக்காரர்.

மங்கையின் நெற்றியில் குங்குமம் இருந்தது. அன்று காலையில் கிளம்பும்போது, “இத அழிச்சிடவா டீச்சர்?” என்று கேட்டாள். “எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றேன். வேர்வையில் அது கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. துடைத்துவிட வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவள் அங்கே எப்படி வந்து நின்றாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் சொன்ன நாலு வார்த்தையின் கனம் உங்களுக்குத் தெரியாது.

சுண்டல் பொட்டலம்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் கேட்டிருந்தார்: “கிரிவலப் பாதையிலேயே, அடி அண்ணாமலையில் வீடு. நீங்களோ கிறிஸ்தவர். இத்தனை வருஷத்தில் யாரையாவது மாற்றியிருக்கிறீர்களா?”

கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். ஒருவரையும் மாற்றவில்லை ஐயா. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் நான். பிள்ளைகளின் கோழிக்கிறுக்கலைக்கூட என்னால் மாற்ற முடிந்ததில்லை.

ஆனால் பேசியிருக்கிறேன். இயேசுவைப் பற்றிப் பேசாமல் இருக்க எனக்கு வராது. நல்ல டாக்டர் ஒருவரைத் தெரிந்தாலே தெரு முழுக்கச் சொல்லிவிடுகிற ஆள் நான். இதை மட்டும் மனசுக்குள் பூட்டி வைத்துக்கொள்ள முடியுமா?

எப்படிப் பேசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் அப்பா துண்டுப் பிரசுரம் கொடுக்கிறவர். தீபத் திருவிழா சமயத்தில் தோளில் ஜோல்னாப் பையோடு பஸ் ஸ்டாண்டு ஓரம் நின்றுவிடுவார். நானும் கூடப் போவேன். வருகிற ஜனம் மரியாதைக்கு வாங்கிக்கொள்ளும். பத்தடி தாண்டியதும் கீழே போட்டுவிடும். ஒரு வருஷம் ஒரு சுண்டல்காரர் அதையெல்லாம் பொறுக்கி, தூசி தட்டி, அழகாக அடுக்கி, அதிலேயே சுண்டல் மடித்து விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா நேராகப் போய் ஒரு பொட்டலம் வாங்கினார். தின்று முடித்தார். தாளைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, “எண்ணெய் பட்டும் எழுத்து நல்லாத் தெரியுது” என்றார்.

அந்தத் தாளில் ஒரு பக்கம் நெருப்புப் படம். இன்னொரு பக்கம், வந்தால் நோய் தீரும், கடன் தீரும், வீடு கிடைக்கும் என்று எழுதியிருந்தது. ஒரு பக்கம் மிரட்டல், இன்னொரு பக்கம் லஞ்சம். அந்த வயதில் எனக்கு இப்படிச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என்னவோ உறுத்தியது. அந்த உறுத்தல் இன்றுவரைக்கும் போகவில்லை.

கிட்னி பாடத்தன்று லீவு

மங்கை என் பக்கத்து வீடு. பாதை ஓரம் சின்னக் கடை போட்டிருந்தாள். மற்ற நாளில் டீ, பௌர்ணமி வந்தால் மோரும் எலுமிச்சை ஜூஸும். அவள் புருஷன் ஏழுமலை ஆட்டோக்காரன். ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள்தான் அவனுக்குச் சவாரி. எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். படித்தவன் என்பது ஒரு பேச்சுக்கு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

ஆட்டோ ஓட்டி ஓட்டி முதுகுவலி. மெடிக்கலில் கேட்டு வாங்கி வருஷக்கணக்காக மாத்திரை போட்டிருக்கிறான். ஒருநாள் முகமெல்லாம் வீங்கி, கால் வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். நாற்பதைக்கூடத் தாண்டாத வயது.

“ஏன்டா, கிட்னி பாடம் நடத்தினேனே, அவரை விதை மாதிரி படம்கூடப் போட்டேனே” என்று அழ முடியாமல் கோபப்பட்டேன்.

“அன்னிக்கு நான் லீவு டீச்சர்” என்றான்.

வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் சிரையைத் தமனியோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். “தொட்டுப் பாருங்க டீச்சர், ஆட்டோ ஸ்டார்ட் பண்ண மாதிரி இருக்கும்” என்று கையை நீட்டினான். தொட்டேன். தோலுக்கு அடியில் ரத்தம் விர்ரென்று ஓடியது. அந்த அதிர்வு என் விரலில் இன்னும் இருக்கிறது.

வலியைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். தாகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. உடம்பில் தண்ணீர் சேரக்கூடாது என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். நாள் முழுக்க அந்தக் கொஞ்சம்தான். ஜூஸ் கடைக்காரி புருஷன், கடை நிறையத் தண்ணீர், அவன் மட்டும் குடிக்கக்கூடாது. மங்கை ஐஸ் பெட்டியிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை எடுத்து அவன் நாக்கில் வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கரைய விடுவான்.

“டீச்சர், பெருசா எதுவும் ஆசை இல்ல. ஒரு சொம்பு தண்ணி. அண்ணாந்து மடமடனு குடிக்கணும். சட்டையெல்லாம் நனையணும்” என்பான்.

ஒன்றும் வாங்காத சாமி

மங்கை அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டாள். அவன் எழுந்து நடக்கிற வரைக்கும் மாசாமாசம் பௌர்ணமிக்கு வெறுங்காலோடு கிரிவலம். அவன் குடிக்காத தண்ணீர் எனக்கும் வேண்டாம் என்று, சுற்றி முடிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். டவுனுக்குப் போய் ராஜகோபுரத்தில் ஆரம்பித்து, செங்கம் ரோடு வழியாக வந்து, பாதி வழியில் எங்கள் வீட்டையும் அவள் கடையையும் தாண்டிப் போவாள். கடை வாசலில் ஏழுமலை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். இவள் நிற்காமல் போவாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு பேர் உதடும் காய்ந்திருக்கும்.

எங்கள் கேட்டில் பௌர்ணமி தோறும் ஒரு டிரம்மில் தண்ணீர் வைப்பேன். சபையில் ஒரு சகோதரிக்கு அதில் வருத்தம். விக்கிரகத்தைச் சுற்றுகிறவர்களுக்கு நாம் உதவலாமா என்று கேட்டார். தாகம் என்று வருகிறவனிடம் எங்கே போய்க்கொண்டிருக்கிறாய் என்று விசாரிக்க நான் செக்யூரிட்டி இல்லை என்றேன். அந்தச் சகோதரி என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், மங்கை என் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தாள்.

“டீச்சர், உங்க சாமிக்கு இன்னா வேண்டிக்கணும்?”

“ஒண்ணும் வேண்டிக்க வேணாம் மங்கை. மனசு விட்டுக் கேளு. அவ்வளவுதான்.”

“முடி குடுக்கணுமா?”

“வேணாம்.”

“கெடா?”

“அட, எதுவும் வேணாம். அவர் ஏற்கெனவே தன்னையே குடுத்துட்டாரு. நம்மகிட்ட அவர் வாங்குறதுக்கு ஒண்ணும் இல்ல.”

கடைக்காரி அல்லவா, என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். “ஒண்ணுமே வாங்காம யாருனா குடுப்பாங்களா டீச்சர்? இப்ப சும்மா குடுக்கற மாதிரி குடுத்துட்டு, பின்னால ஜாஸ்தியா கேப்பாங்க.”

என் நம்பிக்கையின் நடு எலும்பு இதுதான். விலை இல்லாமல் கிடைப்பது. அதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் வாழ்க்கையில் யார் அவளுக்கு எதைச் சும்மா கொடுத்திருக்கிறார்கள்?

ஏழுமலையிடமும் பேசினேன். ஒளித்து மறைத்து இல்லை. “டேய், என் சாமியைப் பத்திச் சொல்லட்டுமா? கேக்க இஷ்டம் இல்லன்னா விட்டுடறேன்” என்றேன். “சொல்லுங்க டீச்சர், நேரம் போவணுமே” என்றான். சிலுவையில் அறைந்த கதையைச் சொன்னேன். ஐஸ் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டான். தாகமாயிருக்கிறேன் என்று அவர் கேட்ட இடம் வந்ததும் கண்ணைத் திறந்தான்.

“அவருக்கும் தாகம் எடுத்துச்சா?”

“ஆமா.”

“தண்ணி குடுத்தாங்களா?”

“இல்லடா. புளிச்சுப்போன காடியைக் குடுத்தாங்க.”

கன்னத்தில் ஒதுக்கியிருந்த ஐஸை விழுங்கினான். பிறகு, “அப்ப அவருக்குத் தெரியும்” என்றான்.

அவ்வளவுதான். இயேசுவைப் பற்றி ஏழுமலை சொன்னது அது ஒன்றுதான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

காபி டம்ளர்

அந்தச் சமயத்தில்தான் டவுனில் எங்கள் சபை ஒரு சுகமளிக்கும் கூட்டம் வைத்தது. வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்தார். போஸ்டரைப் பார்த்துவிட்டு மங்கையே என்னிடம் வந்து, “என்னையும் கூட்டிட்டுப் போங்க டீச்சர்” என்றாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. எத்தனை வருஷம் அவளுக்காக ஜெபித்திருப்பேன்! போஸ்டரில் இருந்த வாக்குறுதிகள் அப்பாவின் துண்டுப் பிரசுரத்தை ஞாபகப்படுத்தின. ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஊழியக்காரர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு சொன்னார்: “உன் புருஷனுக்குக் கர்த்தர் புதுக் கிட்னி குடுத்துட்டாரும்மா. ஞாயித்துக்கெழம சபைக்கு முன்னால எழுந்து, சுகமாயிட்டாருன்னு அறிக்கை பண்ணு. திங்கக்கெழம டயாலிசிஸுக்கு அனுப்பாத. அனுப்பினா நீ நம்பலன்னு அர்த்தம்.”

வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் சபைகளில் சாட்சி சொல்வது என்று ஒன்று உண்டு. கஷ்டத்தில் கர்த்தர் எப்படித் துணை நின்றார் என்று எழுந்து நின்று சொல்வது. நல்ல வழக்கம்தான். என் அம்மாவின் சாட்சிகளைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். ஆனால் சில இடங்களில் இப்போது நடக்காததை நடந்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்லச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால்தான் நடக்குமாம். சொல்லாவிட்டால் விசுவாசம் இல்லையாம். கடைசியில் இதுவும் ஒரு வேண்டுதல்தான். தலைமுடிக்குப் பதிலாக வாய்ச்சொல்லைக் காணிக்கையாகக் கேட்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் தேவராஜ் இறந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். வயிற்றில் புற்றுநோய். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. போய்விட்டார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த ஒருவர் என் பக்கம் குனிந்து, “உங்க விசுவாசம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சோ சிஸ்டர்?” என்று கேட்டார். கையில் இருந்த காபியை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டதுதான் என் கிறிஸ்தவ வாழ்க்கையில் நான் செய்த பெரிய சாதனை.

அன்றைக்கு எடுத்த முடிவு. தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன். அதிலும் இயேசுவின் பெயரை வைத்துச் சொல்லவே மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மங்கை வந்தாள். உட்காரவில்லை.

“ஊரே ஒண்ணு சொல்லுது டீச்சர். ஜோசியக்காரரு, கண்டம் தாண்டிடுச்சுனு சொல்றாரு. எங்க அண்ணன், அடுத்த பௌர்ணமிக்குள்ள எழுந்துருவாருனு சொல்லுது. உங்க ஐயா, கிட்னி வந்துடுச்சுனு சொல்றாரு. நீங்க சொல்லுங்க. நாளைக்கு நான் எழுந்து சொன்னா அவரு பொழைப்பாரா?”

“இயேசுவால சுகம் தர முடியும்னு நான் நம்புறேன்.”

“தருவாரா?”

“தெரியாது மங்கை.”

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். கையில் இருக்கிற கண்ணாடிச் சாமானை நானே கீழே போடுகிற மாதிரி இருந்தது. தருவார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே எங்களோடு வந்திருப்பாள்.

“என் வீட்டுக்காரருக்கு நான் கேட்டேன். கிடைக்கல” என்றேன். “ஒண்ணு மட்டும் உறுதியாத் தெரியும். திங்கக்கெழம டயாலிசிஸ் போகணும். அத நிறுத்தச் சொல்றது யாரா இருந்தாலும் சரி, கேக்காத.”

“கேட்டது கெடைக்கலனா, பின்ன எதுக்கு டீச்சர் கும்புடுறீங்க?”

“எனக்காக உயிரைக் குடுத்தவரு. என் வீட்டுக்காரர் போனப்பறம் இந்த வீட்டுல தனியா கிடந்தேனே, அப்பவும் விட்டுட்டுப் போகல. அதுக்குத்தான்.”

அவளுக்கு அது பதிலாகப் பட்டதா என்று தெரியாது. “நாளைக்கு வரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மைக்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கரைந்த குங்குமம், இரண்டு கையில் மைக்.

“எல்லாருக்கும் வணக்கங்க” என்றாள் மங்கை. ஸ்தோத்திரம் சொல்ல அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. “எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் சுகம் ஆவலங்க. ஆச்சுனு சொல்லச் சொன்னாங்க. பொய் சொல்லத் தெரியாதவ இல்ல நானு. கடையில மோருல தண்ணி கலக்கலனு எம்மாந்தரமோ சொல்லிக்கீறேன். ஆனா இது சாமி இருக்கற எடம்னு சொல்றீங்க. இங்க சொல்றதுக்கு பயமா இருக்குது. நாளைக்கு அவருக்கு டயாலிசிஸ். அது நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கங்க.”

என் ஆயுசில் நான் கேட்ட ஆக நேர்மையான சாட்சி அது. ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது. நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஒற்றை ஆமென், கூரையில் இடித்துத் திரும்பி வந்தது.

ஊழியக்காரர் மைக்கை வாங்கிக்கொண்டார். சந்தேகம் ஒரு பிசாசு என்றார். அதிலிருந்து நரகத்துக்குப் போனார். வேதத்தில் வருகிற பணக்காரனின் கதை. செத்து நெருப்பில் கிடந்து, நாக்கை நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கிறான். கிடைக்கவில்லை. “நம்பாம செத்தா அந்த ஒரு சொட்டுகூடக் கிடையாது!” என்று மேஜையைத் தட்டினார்.

வாசலில் பட்டினி கிடந்த ஏழைக்கு ஒரு வாய் சோறு போடாத பணக்காரனைப் பற்றிய கதை அது. அதை எடுத்து, புருஷனுக்கு ஐஸ் துண்டு ஊட்டுகிற ஒருத்தியின் மேல் எறிந்தார்.

மங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் என்று கேட்டதும் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோபம்தான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்த சகோதரி, அதே தண்ணீர் டிரம் சகோதரிதான், “வலைக்குள்ள வந்த ஆத்துமாவைக் கெடுத்துட்டீங்களே” என்றார்.

“வலைன்னு நீங்களே சொல்றீங்க பாருங்க” என்றேன்.

ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்ததும் மங்கை நேராக ஐஸ் பெட்டியைத் திறந்து ஏழுமலைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் டயாலிசிஸ் நடந்தது. எங்கள் சபையின் பாஸ்டர், வயதில் சின்னவர், ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றிருந்தார். மங்கையைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். “நேத்திக்கு...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு, டயாலிசிஸ் முடிகிற வரைக்கும் பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நல்ல பிள்ளை.

ஒரு சொம்பு

அதற்குப் பிறகு ஏழுமலை சில மாதம் இருந்தான். மழைக்காலத்தில் ஒரு காலை, கூட்டாளியின் ஆட்டோவில் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே, மங்கை தோளில் தலை சாய்ந்துவிட்டது. ஈரத்தில் நடுங்குகிறான் என்று நினைத்துப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாளாம். அப்புறம்தான் தெரிந்திருக்கிறது.

வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். மேளக்காரர்கள் ஓய்ந்து டீ குடிக்கிற நேரம். மங்கை எழுந்து உள்ளே போனாள். சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, ஊற்றினாள். தண்ணீர் இரண்டு கடைவாயிலும் வழிந்து சட்டையை நனைத்தது. ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

“குடி. இனிமே டாக்டர் திட்ட மாட்டாரு” என்றாள்.

அந்தச் சொம்பு காலியாகிற வரைக்கும் அவளை யாரும் தடுக்கவில்லை. நான் அழுத அழுகையைப் பார்த்து, இறந்தவன் எனக்கு என்ன உறவு என்று யாரோ கேட்டார்கள். என் வகுப்புப் பையன் என்றேன்.

கருமாதி முடிந்தது. அடுத்த பௌர்ணமி வந்தது. கேட்டில் டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரம், மலை மேல் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. கூட்டத்தோடு மங்கை வருகிறாள். வெறுங்கால். குங்குமம் இல்லாத நெற்றி.

“மங்கை, நீ எதுக்கு இன்னும் நடக்குற?”

“சொன்னது சொன்னதுதான டீச்சர். அவரு எழுந்துக்கலனா நான் சொன்னது இல்லாம பூடுமா?”

ஒன்றும் வாங்காத சாமியை அவளுக்குப் புரியவைக்க நான் அவ்வளவு பாடுபட்டேன். ஒன்றும் கொடுக்காத மலையை அவள் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

“தண்ணி குடுங்க டீச்சர்” என்றாள்.

இத்தனை பௌர்ணமியில் அவள் என் கேட்டில் நின்றதும் இல்லை, தண்ணீர் கேட்டதும் இல்லை. டிரம்மில் மொள்ள மனசு வரவில்லை. உள்ளே போய்ப் பானையிலிருந்து சொம்பில் எடுத்துவந்தேன். வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், அன்னிக்கு அந்த ஐயா சொன்னாரே. நம்பாம செத்தவங்களுக்கு அங்க ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லனு. எங்க வூட்டுக்காரரு அங்கியா இருக்காரு? அங்கியும் அவருக்கு தாகமா?”

ரோட்டில் ஜனம் போய்க்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு குழந்தை பீப்பி ஊதிக்கொண்டு போனது.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என் நாக்கு எழவில்லை. இல்லை மங்கை, அவன் பரலோகத்தில் இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். அவள் அப்படியே நம்புவாள். நான் பொய் சொல்லமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே அதையும் சொல்ல முடியவில்லை.

“தெரியாது மங்கை” என்றேன். “எனக்குத் தெரியாது. தாகம்னா என்னன்னு தெரிஞ்ச ஒருத்தர் கையில அவன் இருக்கான். ஏழுமலையே அத எங்கிட்ட சொன்னான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். சொம்பைத் தூக்கி எறிவாள் என்றுகூட நினைத்தேன். அவள் அண்ணாந்து, மடமடவென்று, ரவிக்கை நனைய முழுச் சொம்பையும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“சரி டீச்சர். என்னிக்காவது தெரிஞ்சா, மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க.”

சபைக்கு அவள் அப்புறம் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. தினமும் ஜெபிக்கிறேன். அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். பதில் வரவில்லை.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவள் நடக்கிறாள். எங்கள் கேட்டுக்கு வந்ததும் கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கிறாள். நான் சொம்போடு போகிறேன். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்கிறாள். வாய்விட்டு ஒன்றும் கேட்பதில்லை.

நான் இல்லை என்று தலையை ஆட்டுகிறேன்.

சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கிறாள்.